அதிகாரம் இல்லையோ, விருப்பம் இல்லையோ

"அப்ப உங்களுக்கு அதிகாரம் இல்லையோ பிள்ளை, விருப்பம் இல்லையோ?"

2022 ஆகஸ்டில் அவர் என் மேசைக்கு முன்னால் இருந்து கேட்டது இது. "அதிகாரம் இல்லை ஐயா" என்றேன். யோசிக்கவே இல்லை, உடனே வந்துவிட்டது. அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் உண்மை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், பள்ளிக்கூடங்களுக்கு உதவுகிற எங்கள் நிதியத்தின் ஆறு பேர்ச் காணித் துண்டில், வாடகைக்கு அச்சகம் வைத்திருந்தவர் அவர். கல்யாண அட்டை, மரண அறிவித்தல், டியூஷன் குறிப்புகள், பள்ளிக்கூடங்களுக்குத் தவணை வினாத்தாள். மாத வாடகை 45,000. அந்த வருடம் மார்ச்சில் தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்களே, அப்போதே அவருடைய இயந்திரமும் நின்றுவிட்டது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன நேரம், மின்சாரம் வேறு மணிக்கணக்கில் இல்லை. ஏழு மாத வாடகை நிலுவை, 3,15,000 ரூபாய். அதில் பாதியை விட்டுத் தாருங்கள், மீதியை ஒரு வருடத்தில் கட்டுகிறேன் என்று கையெழுத்தில் ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார்.

நான் சொன்னது இதுதான்: "ஐயா, இது என் காசும் இல்லை, நிதியத்தின் காசும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கென்று எழுதிவைத்த காணி. அதில் வருகிறதை விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை."

இதை நான் மனதார நம்பித்தான் சொன்னேன், இப்போதும் நம்புகிறேன். 1960, 61இல் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வாடகைக் காணிகள் மட்டும் நிதியத்திடம் தங்கியதால்தான் இன்றைக்கும் மலையகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரைத்தகடோ கழிப்பறையோ எங்களால் கொடுக்க முடிகிறது. வாடகைக்கு இருப்பவரின் கஷ்டத்தை நேரே பார்க்கிறோம், அவர் முன்னால் வந்து இருக்கிறார், தேத்தண்ணி கொடுக்கிறோம். கூரை ஒழுகுகிற வகுப்பில் இருக்கிற பிள்ளை என் மேசைக்கு வருவதில்லை. வராத அந்தப் பிள்ளைக்காகப் பேச வேண்டியவள் நான். இரக்கப்பட்டு இரக்கப்பட்டே கைவிட்டுப்போன தர்மக் காணிகள் கொழும்பில் எத்தனை.

ஆனால் அதிகாரம் இல்லை என்றது? எங்கள் குத்தகை நிபந்தனைகளில் நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதிக்கவும், விசேட காரணம் இருந்தால் நிதியத்தின் குழு குறைத்துக் கொடுக்கவும் இடம் இருந்தது. குழுவுக்கு எழுதிப்போடுகிற ஆள் நான். கடிதத்தை வைத்தேன்தான், மறைக்கவில்லை. பக்கத்தில் "பரிந்துரைக்கப்படவில்லை" என்று ஒரு சொல் எழுதினேன். கூட்டத்தில் அது இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்தச் சொல்லை எழுதாமல் விட்டிருந்தாலும் குழு மறுத்திருக்கலாம் என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன், எங்கள் குழுவைத் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். இருந்தாலும் அவர் கேட்டது குழுவைப் பற்றி இல்லையே.

அவருடைய குத்தகை 2019இலேயே முடிந்திருந்தது. எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவர் "புதுப்பிச்சுத் தாறம், நீங்கள் இருங்கோ" என்று வாயால் சொல்லியிருக்கிறார். இங்கே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவாக இருந்தாலும் நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும், 1840ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் அந்த வாய்ச்சொல்லுக்குப் பெறுமதி இல்லை, அவர் மாத வாடகைக்காரர் மட்டுமே. அதையும் அவரிடம் விளக்கினேன், தேவையே இல்லாமல். வாடகைக்காரருக்குப் பாதுகாப்புத் தருகிற 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்தில் வருடக்கணக்காக வழக்கை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. "பிள்ளையளின்ர காசெண்டால் சரி. நானும் அதுகளுக்குத்தானே அடிச்சுக் குடுத்தனான்" என்று எழும்பிப் போனார். அந்த மாத முடிவில் அச்சகத்தின் திறப்பு என் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். செய்தது சரி என்று யாராவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அமெரிக்காவில் 1785இலிருந்தே இந்த முறை இருக்கிறது, அளந்த நிலத்தை 36 துண்டாகப் பிரித்து 16ஆவது துண்டை, 640 ஏக்கரை, பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். மிசிசிப்பியில் அப்படிப்பட்ட நிலங்களை 99 வருடக் குத்தகைக்கு அற்பக் காசுக்குக் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இழந்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது என் கதைக்கு இன்னும் கிட்ட. மர விலை விழுந்து, கூடிய விலைக்கு ஒப்பந்தம் போட்ட கம்பனிகள் மாட்டிக்கொண்டபோது, பள்ளிக்கூட நிலத்து மரங்களுக்கான ஒப்பந்தத்திலிருந்து அவர்களை விடுவிக்க 1982இல் அரசு சட்டம் கொண்டுவந்தது. 1984இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஸ்கமேனியா கவுன்டி வழக்கில், அது பிள்ளைகளுக்குரிய நம்பிக்கைப் பொறுப்பை மீறுவது என்று தீர்ப்புச் சொன்னது. கஷ்டகாலத்துச் சலுகை, பள்ளிக்கூட நிலம், முடியாது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் இதையும் வாசித்தேன்: அதே நீதிமன்றம் 2022இல், நான் ஐயாவுக்கு இல்லை என்று சொன்ன அதே வருடம், பொறுப்பு இருக்கிறதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஆகக்கூடிய வருமானத்தை எடுத்தே தீர வேண்டும் என்று இல்லை, பொறுப்பாளருக்கு விவேகத்துக்கு இடம் உண்டு என்று சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு எந்தத் தீர்ப்பின் பின்னாலும் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கும் பார்த்திருக்கிறேன், ஒரு தரம் இல்லை. முற்பணம் 90,000ஐக் கழித்தால் 2,25,000 வரவே இல்லை. இடம் நான்கு மாதம் பூட்டிக் கிடந்ததில் 1,80,000. அவர் விட்டுத்தரச் சொன்னது 1,57,500. அதைவிட 2,47,500 கூடுதலாகப் போயிருக்கிறது. புதிதாக வந்த தொலைபேசி உதிரிப்பாகக்காரர் 85,000 கொடுக்கிறார், அதனால் ஏழு மாதத்தில் அந்த நஷ்டம் ஈடாகிவிட்டது, மிச்சமெல்லாம் இலாபம் என்று கணக்காளர் சொல்கிறார். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். அதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த 85,000 அந்தப் பழைய 45,000ஐ விட அவ்வளவு கூடுதல் இல்லை. ஐயாவிடமே காலம் பார்த்துக் கூட்டிக் கேட்டிருக்கலாம், தந்திருப்பார். தந்திருக்கமாட்டாரோ? தெரியாது, கேட்கவில்லையே. பிறகு அந்தப் பணத்தில் போட்ட கூரையின் படம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். கூரை நல்ல கூரை.

இப்போது ஆமர் வீதியில் இருக்கிற இன்னொருவரின் கடிதம் கோப்பில் இருக்கிறது. தளபாடக் கடை, ஐந்து மாத நிலுவை. வியாழக்கிழமை குழு கூடுகிறது. என்ன எழுதப்போகிறேன் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. காணி பிள்ளைகளுடையது என்பதில் ஒரு மாற்றமும் இல்லை, இந்த மனிதர் ஐயாவைப் போல நல்ல மனிதர்தானா என்பதும் தெரியாது. நேற்று அவரைக் கூப்பிட்டு ஆறு மாத விற்பனைக் கணக்கும் மின்சாரப் பட்டியலும் கொண்டுவரச் சொன்னேன். ஐயாவிடம் நான் அதைக்கூடக் கேட்கவில்லை.