கொப்பர் என்ன உயரம்?

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் மலர்க்குழுத் தம்பிமார் தொலைபேசியில் கேட்டது பள்ளி நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை. விடுதிச் சாப்பாடு, பிரம்படி, மதிலேறிப் படம் பார்க்கப் போனது எல்லாம் முந்தைய மலர்களில் வந்துவிட்டன, அதுவும் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்களின் கையால். ஆகவே எங்கள் விளையாட்டு மாஸ்ரரில் தொடங்கி, நான் கணிதம் படிப்பிக்கும் டெக்சாஸ் மாநிலத்து ஹைஸ்கூல் மைதானத்துக்குப் போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளுக்கு முன் படித்தவர்களுக்கு மாஸ்ரரை நினைவிருக்கும். காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாகப் போகும்போது மண்டப வாசலில் நின்று எங்கள் முகங்களைப் பார்க்கமாட்டார், கால்களைத்தான் பார்ப்பார். திடீரென்று ஒருவனைத் தோளில் தட்டி நிறுத்தி, “தம்பி, கொப்பர் என்ன உயரம்?” என்று தகப்பனின் உயரத்தைக் கேட்பார். பிறகு தாய்மாமனின் உயரம், பிறகு சப்பாத்தின் அளவு. சப்பாத்தே இல்லாதவனிடம் காலைத் தூக்கிக் காட்டச் சொல்வார். இல்ல விளையாட்டுப் போட்டியில் குண்டெறிதலில் முதலாவதாக வந்தவனை விட்டுவிட்டு நாலாவதாக வந்தவனைப் பயிற்சிக்குக் கூப்பிடுவார். வென்றவனுக்கு ஏற்கெனவே மீசை முளைத்துவிட்டது, இனி அவன் பெரிதாக வளரமாட்டான் என்பது அவருடைய கணக்கு. வென்றவனின் வீட்டார் அதிபரிடம் முறையிட வருவதும் ஆண்டுதோறும் நடக்கும்.

அமெரிக்காவில் பள்ளிப் பெடியளைப் பல்கலைக்கழக ஃபுட்போல் அணிகளுக்குத் தெரிவு செய்கிறவர்களைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. ஃபுட்போல் என்றால் நம் உதைபந்தாட்டம் இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். டெக்சாஸில் ஃபுட்போல் என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். வெள்ளிக்கிழமை இரவு ஊரே மைதானத்தில் இருக்கும். சில பள்ளிகளின் மைதானத்தில் 10,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் அந்த மாநிலத்தில் 1984 இல் கொண்டுவந்த ஒரு சட்டம் இருக்கிறது: ஒரு பாடத்தில் 70 புள்ளிக்குக் கீழே போனால் மூன்று வாரம் ஆடமுடியாது. ஆரம்பத்தில் ஆறு வாரமாக இருந்தது, தொண்ணூறுகளில் மூன்றாகக் குறைத்தார்கள். இதனால் ஒரு கணித வாத்தியாருக்குக் கிடைக்கும் மரியாதையை நான் மறைக்க விரும்பவில்லை. ஒக்டோபர் மாதத்தில் கோச்மார் எனக்குக் கோப்பி வாங்கித் தருவார்கள்.

2016 வசந்த காலத்தில் என் அல்ஜீப்ரா வகுப்பில் ஒரு நெட்டைப் பெடியன் இருந்தான். ஆறடி ஆறங்குலம், 225 இறாத்தல். கூடைப்பந்து ஆடுகிறவன். தாய் நைஜீரியாவிலிருந்து வந்த தாதி, இரவு வேலை. ஃபுட்போல் என்றால் தலையில் அடிபடும் விளையாட்டு என்று பத்தாம் வகுப்பு முடியும்வரை அவனை அதன் பக்கமே விடவில்லை. “விளையாட்டு இருக்கட்டும், இவனுடைய கெமிஸ்ட்ரி எப்படி?” என்று பெற்றோர் சந்திப்பில் என்னைக் கேட்டார். கெமிஸ்ட்ரி நான் எடுப்பதில்லை என்று சொன்னபிறகும் கேட்டார். எங்கள் ஊர் அம்மா ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. கடைசியில் பதினோராம் வகுப்பில் விட்டார். அந்த ஒரு பருவத்தில் அவன் ஆடியது கொஞ்சம், அதிலும் பாதி நேரம் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றான்.

அந்த நாட்களில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் நடுவிலிருந்து மே முடியும்வரை பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்கு வருவார்கள். அப்போது இருந்த விதிப்படி அவர்கள் பெடியனைப் பார்க்கலாம், ஆனால் உட்கார்ந்து பேசக்கூடாது. நேருக்கு நேர் வந்தால் ஒரு ஹலோவோடு நடையைக் கட்டவேண்டும். ஆகவே மற்ற எல்லாரிடமும் பேசுவார்கள். அலுவலக எழுத்தரிடம், சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறும் அம்மாவிடம், மாலையில் வகுப்பறை கூட்டுகிறவரிடம், என்னிடம்.

அந்த மே மாதம் வந்தவர் ஐம்பது வயதுக்காரர், வெயிலில் கறுத்த கழுத்து. வீடியோவை ஏற்கெனவே பார்த்துவிட்டார். இப்போது எல்லாப் பள்ளியும் ஆட்டங்களைப் பதிவு செய்து ஹட்ல் என்ற தளத்தில் போட்டுவிடும்; பெடியள் தங்களின் நல்ல ஆட்டங்களை மட்டும் வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து அனுப்புவார்கள். அவர் பார்த்தது அதையல்ல. ஒரு முழு ஆட்டத்தைக் கேட்டு வாங்கி, பந்து மற்றப் பக்கம் போகும்போது இவன் என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கிறார். பந்து இல்லாத இடத்திலும் ஓடுகிறானா, களைத்த பிறகு நடக்கிறானா. கூடைப்பந்து வீடியோவும் கேட்டார். ஃபுட்போலில் இவனுக்கு ஒன்றும் தெரியாது, அதைப் பார்த்து ஒன்றும் அறியமுடியாது. கூடைப்பந்தில் ஒருவனை மறித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும்போது கால்கள் பின்னிக்கொள்கின்றனவா என்று பார்க்கலாம் என்றார்.

அவர் தேடி வந்தது ‘டாக்கிள்’ என்ற இடத்துக்கு ஆள். தாக்குகிற அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். ஓரத்தில் நிற்கும் இருவர் டாக்கிள். பந்தை எறியும் குவாட்டர்பெக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறவனை மறிப்பதுதான் வேலை. பாய்ந்து வருகிறவன் முன்னோக்கி ஓடலாம். இவன் பின்னோக்கி நகர்ந்துகொண்டே மறிக்கவேண்டும். அதற்கு நீண்ட கை வேண்டும். தொழில்முறை அணிகளில் 34 அங்குலக் கை என்றால் கண்கள் விரியும். முந்நூறு இறாத்தலைச் சுமக்கும் உடம்பும், அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அசையும் காலும் வேண்டும். பதினேழு வயதில் இது மூன்றும் முழுமையாக உள்ளவன் அபூர்வம், இருந்தால் அவனை நாடே துரத்தும். மற்றவர்கள் செய்வது வடலியைப் பார்த்துப் பனையைச் சொல்லும் வேலை.

உடற்பயிற்சி அறையில் அவனைச் சுவரோடு வெறுங்காலில் நிற்கவைத்து எங்கள் கோச் அளந்தார், வந்தவர் தள்ளி நின்று பார்த்தார். பள்ளித் தாளில் எழுதும் உயரத்தை யாரும் நம்புவதில்லை, எல்லாப் பள்ளியும் ஓர் அங்குலம் கூட்டித்தான் எழுதும். இரண்டு கையையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி, பிறகு பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை. நாற்பது யார் தூர ஓட்டத்தின் நேரத்தைச் சொன்னபோது கையால் பிடித்ததா மின்கருவியா என்று கேட்டார். கையால் பிடிக்கும் கடிகாரம், பிடிப்பவரின் விரல் தாமதத்தில், நொடியில் பத்தில் இரண்டு பங்குவரை குறைத்துக் காட்டும். அதுவும் பெரிய உடம்புக்காரனுக்கு முதல் பத்து யார் தூரம்தான் முக்கியம், மிச்ச முப்பதை அவன் ஆட்டத்தில் ஓடப்போவதில்லை.

அப்புறம் எங்கள் கோச்சிடம் கேட்டார்: “தாய் என்ன உயரம்? பிறந்த தேதி என்ன?”

நான் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். மாஸ்ரரைப் பற்றியும் மீசைக் கணக்கைப் பற்றியும் சொன்னேன். “உங்கள் ஆள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்” என்றார். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முந்தி வளர்ந்துவிட்டவன் மற்றப் பிள்ளைகளை உடம்பால் உருட்டிப் பெயர் வாங்கிவிடுவான், பதினெட்டில் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். தன் வகுப்பில் வயது குறைந்தவன், இன்னும் தாடி வராதவன், முழங்காலும் பாதமும் உடம்புக்குப் பெரிதாகத் தெரிகிறவன் என்றால் இவர்கள் நின்று பார்ப்பார்கள்.

மைதானத்தில் நடந்ததைத்தான் நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். எதிரே ஒருவனை நிற்கவைத்து, அவன் எந்தப் பக்கம் அசைந்தாலும் கண்ணாடிப் பிம்பம் போல அசையவேண்டும் என்று ஒரு பயிற்சி. முதல் தரம் எதிராளி உள்பக்கமாக வெட்டிப் போய்விட்டான். இரண்டாம் தரமும் அப்படியே. எங்கள் கோச் அவன் காதில் ஏதோ சொல்லி, குதிக்காலால் புல்லில் ஒரு கோடு கீறிக் காட்டினார். மூன்றாம் தரம் அவன் உள்காலைக் கோட்டின் மேல் வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்றான்; எதிராளி மோதி நின்றுவிட்டான். அதைவிட நல்ல ஆட்டங்கள் அன்று எத்தனையோ நடந்தன, ஒருவனைத் தூக்கி மல்லாத்தியதும் உண்டு. வந்தவர் எழுதிக்கொண்டது இதை மட்டும்தான். இடுப்பை வளைத்துக் குனிகிறவன் மோதலில் முன்னால் விழுவான். முழங்காலை மடக்கித் தாழத் தெரிந்தவனை யாரும் தள்ளமுடியாது, அது பெரும்பாலும் பிறப்போடு வருவது என்றார்.

மாலையில் என் வகுப்பறைக்கு வந்து சின்ன மேசை ஒன்றில் உட்கார முயன்று, முடியாமல் நின்றார். புள்ளிகளைக் கேட்கிறார் என்று நினைத்து அதைப் பள்ளியின் மாணவர் வழிகாட்டியான கவுன்சிலரிடம் கேளுங்கள் என்றேன். அவை ஏற்கெனவே கையில் இருந்தன. முதல்நிலைப் பல்கலைக்கழக அணியில் சேர ஹைஸ்கூலில் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அதில் 10 கடைசி ஆண்டு தொடங்குமுன் முடிந்திருக்கவேண்டும், பிறகு அவற்றின் புள்ளியைத் திரும்ப எழுதிக் கூட்டமுடியாது, சராசரி 4 இல் 2.3. அந்த ஆண்டு சேருகிறவர்களிலிருந்துதான் இந்தக் கடுமை வந்தது. இவனுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணிதம் மோசம், ஆனாலும் தப்பிவிடுவான்.

அவர் என்னிடம் கேட்டது, “கணக்குப் பிழைத்தால் இவன் என்ன செய்வான்?”

நான் சொன்னேன். பிழைத்த கணக்கை மற்றவர்கள் கடைசி வரியை மட்டும் அழித்துத் திருத்துவார்கள். இவன் தாளைப் பின்பக்கம் திருப்பி முதலிலிருந்து எழுதுவான். அடுத்த சோதனையில் வேறு பிழை விடுவான், நிறையவே விடுவான், ஆனால் அதே பிழை வராது. அவர் பேனாவை எடுத்துக் கையில் வைத்திருந்த தாளில் இரண்டு வரி எழுதினார். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

யோசித்தால், பக்குவப்படாத ஆட்டக்காரனைத் தெரிவு செய்வதில் முழு விஷயமும் இதுதான் என்று நினைக்கிறேன். இன்று எவ்வளவு ஆடுகிறான் என்பதை வீடியோ காட்டும். எவ்வளவு வேகமாகக் கற்கிறான் என்பதைக் கூட இருந்து பார்க்கிறவர்கள்தான் சொல்லமுடியும். இணையத்தில் பெடியளுக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் முதலாவதை நன்றாகவே அளக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லமுடியாது. ஐந்து நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் பிரகாசிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கலீல் மாக் இரண்டு நட்சத்திரம். கூடைப்பந்துக்காரனாக இருந்து முழங்கால் அடிபட்டு ஃபுட்போலுக்கு வந்தவர், பெரிய பல்கலைக்கழகம் எதுவும் கேட்கவில்லை. பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஆடி, தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தெரிவில் 2014 இல் ஐந்தாவதாகப் போனார். அதற்கு முந்தைய ஆண்டுத் தெரிவில் நாலாவது லேன் ஜோன்சன். எங்கள் டெக்சாஸின் க்ரோவ்டன் என்ற சின்ன ஊரில் குவாட்டர்பெக்காக ஆடிய பெடியன், இடம் மாறி மாறிக் கடைசியில் டாக்கிள் ஆனவர். ஐந்தாவது ஸீகி அன்சா. கானாவிலிருந்து படிக்க வந்து, பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2010 இல் முதன்முதலாகத் தோள்கவசத்தை மாட்டிப் பார்த்தவர். அடுத்தடுத்த இரண்டு இடம், இரண்டு பேரும் ஹைஸ்கூலில் யாரும் அந்த இடத்துக்கு எண்ணியிராதவர்கள்.

எங்கள் பெடியன் அப்படி ஆகவில்லை. ஜூன் மாதம், மே மாதத்தில் வந்தவரின் பல்கலைக்கழகத்தில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போனான், அங்கே பேசலாம், கற்பிக்கலாம். காலையில் சொன்னதை மாலையில் செய்கிறானா என்று பார்த்துவிட்டுப் புலமைப்பரிசில் தருவதாகச் சொன்னார்கள். வாய்ச்சொல்தான். இடையில் இன்னும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றும் சொன்னது, ஜனவரியில் வேறு ஆள் கிடைத்ததும் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டது. தாய் என்னிடம் வந்து, “சொல்லிவிட்டு இல்லை என்பார்களா, ஆசிரியர்?” என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. 2017 பெப்ரவரி முதலாம் தேதி, முதலில் வந்தவரின் இடத்துக்கே கையெழுத்து வைத்தான். முதல் ஆண்டு ஓர் ஆட்டமும் ஆடாமல் சாப்பிட்டும் பாரம் தூக்கியும் உடம்பு வைத்தான். மூன்றாம் ஆண்டில் வலது டாக்கிள். தொழில்முறை அணி எதுவும் எடுக்கவில்லை. கட்டட நிர்மாண மேற்பார்வை படித்தான், இப்போது டாலசில் வேலை.

இன்று அப்படி ஒருவன் வந்தால் அந்த இடம் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். 2018 இல் மாணவர்கள் பல்கலைக்கழகம் மாறுவதற்கு ‘போர்ட்டல்’ என்ற இணையப் பதிவேடு வந்தது; 2021 இலிருந்து மாறியவுடனே ஆடலாம், அதே ஆண்டு தங்கள் பெயரை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம் என்றானது; 2025 இல் பல்கலைக்கழகங்களே நேராகப் பணம் கொடுக்கத் தொடங்கின, அணிக்கு 105 பேர் என்று உச்சவரம்பும் வந்தது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் போவது நியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில் மூன்று வருடம் ஆடிப் பழகியவனை விலைக்கு எடுக்கமுடியும் என்றால், பதினேழு வயதுப் பெடியனுக்குச் சோறு போட்டு மூன்று வருடம் காத்திருக்க எந்தப் பயிற்சியாளருக்குப் பொறுமை இருக்கும்? அவன் தேறி வந்தவுடன் வேறொருவர் கூடுதல் காசு கொடுத்துக் கூட்டிப்போவார் என்ற பயமும் சேர்ந்துவிட்டது. மே மாதத்தில் எங்கள் பள்ளிக்கு வருகிறவர்கள் குறையவில்லை, ஆனால் சாப்பாட்டு மண்டபத்து அம்மாவோடு நின்று பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஹூஸ்டன் பக்கம் வரும் பழைய மாணவர்கள் செப்டெம்பர் முதல் நவம்பர்வரை ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். இரவிலும் வேர்க்கும், கோட்டுப் போட்டு வரவேண்டாம். ஆட்டம் விளங்கவில்லை என்றால் பந்தைப் பார்க்காமல் ஓரத்தில் நிற்கும் நெட்டையனின் காலைப் பாருங்கள்.