இ20 பெட்ரோலும் ரீமேப் பண்ணிய டர்போ வண்டியும்: வேலூர் வெயிலுக்கு ஒரு கணக்கு

ரீமேப் பண்ணிய (இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள எரிபொருள், டைமிங் கணக்கை மாற்றி எழுதிய) டர்போ கார் வைத்திருப்பவர்கள் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், என்றதும் முதலில் கேட்பது, "ஆக்டேன் போதுமா?" பயப்பட வேண்டியது அதற்கு இல்லை. தனி எத்தனாலின் ஆக்டேன் (அகாலத்தில் வெடிக்காமல் தாங்கும் திறன்) 108 வாக்கில் இருக்கும். கலக்கக் கலக்க ஆக்டேன் ஏறத்தான் செய்யும். பங்க்கில் வரும் இ20க்கு 95 கணக்கு. குறைவது லிட்டருக்குக் கிடைக்கும் வலு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் என்றால், எத்தனாலில் 21தான். அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். அது போய்ச் சேராவிட்டால் இன்ஜின் லீனாக, அதாவது எரிபொருள் குறைந்து, ஓடும். ஃபுல் பூஸ்ட்டில் (டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது) லீனாக ஓடும் பிஸ்டன் ரொம்ப நாள் தாங்காது.

எடைக் கணக்கில் ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ10க்கு 14.1, இ20க்கு 13.5. 2023க்கு முன் இ10இல் ட்யூன் பண்ணிய வண்டிக்கு இன்று சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலில் மேப் எழுதியிருந்தால் 7, 8 சதவீதம். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) இதைச் சரி பண்ணிவிடும். சிக்கல் மிதியை முழுக்க மிதிக்கும்போது. எரிபொருள் கூடுதலா குறைவா என்று மட்டும் சொல்லும் நேரோபேண்ட் சென்சார் வண்டிகளில் அப்போது ஈசியு சென்சாரைப் பார்க்காது, மேப்பில் எழுதிய கணக்குப்படியே ஊற்றும். எவ்வளவு என்றும் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வண்டியில் ஆபத்து குறைவு. சென்சார் சிக்னலை மாற்றி ஈசியுவை ஏமாற்றும் பிக்கிபேக் பெட்டிகளில்தான் ஆபத்து அதிகம்; பழைய பிக்கிபேக்கைக் கழற்றிவிட்டு முறையான ரீமேப்புக்குப் போவதே நல்லது.

முதலில் வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் ஒரு ஓபிடி ஸ்கேனர் மாட்டி லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்மை (ஈசியு தானாகவே எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். கூட்டல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 10ஐத் தாண்டினால் மேப்பைத் திருத்தாமல் பூஸ்ட்டில் மிதிக்காதீர்கள். அதற்கு முன் காற்றுக் கசிவு, ஃபில்டர் அடைப்பு இரண்டையும் பார்த்துவிடுங்கள். அவையும் இதே எண்ணைத்தான் காட்டும்.

வைட்பேண்ட் மீட்டர் வைத்திருப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சென்சார் அளப்பது லாம்டாவை, அதாவது இருக்கும் காற்று தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு என்பதை. மீட்டர் அதைப் பெட்ரோல் கணக்கில் 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் இ20 ஊற்றினாலும் சமநிலையில் மீட்டர் 14.7தான் காட்டும். 13.5 வர வேண்டுமென்று ட்யூனைத் திருத்துவது தப்பு. மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிட்டால் குழப்பமே இல்லை: ஃபுல் லோடில் 0.80 முதல் 0.85க்குள் நிற்க வேண்டும். பெட்ரோல் ஸ்கேலில் அது 11.8 முதல் 12.5.

அடுத்து, பம்ப்பும் இன்ஜெக்டரும் தாங்குமா? போர்ட் இன்ஜெக்ஷனில் (சிலிண்டருக்கு வெளியே எரிபொருள் தெளிக்கும் வகை) 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லி செகண்ட். 85 சதவீதம் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) என்றால் 17 மில்லி செகண்ட். அதற்கு மேல் போகக் கூடாது. இ10இல் 82இல் இருந்த வண்டி இ20இல் 85ஐத் தொடும். அங்கே பூஸ்ட் ஏற்ற இடமே இல்லை, பெரிய இன்ஜெக்டர்தான் வழி. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ மாதிரி நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் பார்க்க வேண்டியது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாயின் எரிபொருள் அழுத்தம்). ஈசியு கேட்கும் பிரஷருக்கும் உண்மையில் இருப்பதற்கும் மேல் ஆர்பிஎம்மில் இடைவெளி விழுந்தால் பம்ப் திணறுகிறது என்று அர்த்தம். இந்த லாக் (ஓடும்போது எடுக்கும் அளவுப் பதிவு) எடுப்பதை டைனோவிலோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடை), சென்னை போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் மிதித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். பக்கத்தில் பஸ்ஸும் பைக்கும் போகிற ரோடு அது.

எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை விட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சும். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும் நம்ம ஊருக்கு இது நிஜமான லாபம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைவு, லோடு அதிகம், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றே வராது. நாக் (எரிபொருள் அகாலத்தில் வெடித்துத் தட்டுவது) முதலில் தலைகாட்டுவது அங்கேதான். இ20இல் அங்கே கொஞ்சம் மூச்சு கிடைக்கும். அதை நம்பி 1, 2 டிகிரி டைமிங் ஏற்றலாம் (ப்ளக்கை அவ்வளவு முன்கூட்டியே பொறிய விடலாம்) என்று ட்யூனர்கள் சொல்வார்கள். அந்த லாபத்தைக் கோடைக்கான காப்பாகவே விட்டுவைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருநாள் பங்க்கில் கலப்பு குறைவாக வந்தாலும் ஏற்றிய டைமிங் அப்படியேதான் இருக்கும். சிலிண்டர் வாரியாக டைமிங் ரிட்டார்ட் (நாக் வந்ததும் ஈசியு டைமிங்கைப் பின்தள்ளும் அளவு) லாக் பாருங்கள். தொடர்ந்து 4 டிகிரி தாண்டினால் பூஸ்ட்டைக் குறையுங்கள். பூஸ்ட் கூட்டிய வண்டிக்கு ஒரு படி கோல்டான (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) ப்ளக், 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் கேப்.

கலப்பு எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். மூடியுள்ள 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர் விட்டு, 100 கோடு வரை பெட்ரோல் ஊற்றுங்கள். மூடிக் குலுக்கி, மெதுவாகத் திறந்து வாயுவை விட்டு, 10 நிமிடம் நிழலில் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும், நடுவில் கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு 28இல் நின்றால் 90 மில்லியில் 18, அதாவது 20 சதவீதம். ஒன்றிரண்டு மில்லி முன்பின் இருக்கும். வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது, அந்தப் பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றக் கூடாது. எத்தனால் அளவைச் சொல்லும் ஃபிளெக்ஸ் ஃபியூயல் சென்சார் போட்டவர்களுக்கு இன்னும் சுலபம்: வரும் ஹெர்ட்ஸில் 50ஐக் கழித்தால் அதுவே சதவீதம். 70 ஹெர்ட்ஸ் என்றால் 20.

ஆக்டேன் ஏற்ற ஸ்பிரிட் வாங்கி டேங்கில் ஊற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டில் சுமார் 5 சதவீதம் தண்ணீர். லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

பழைய வண்டிகளில் ஓஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் ரகத்துக்கு மாற்றுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் உப்பும், பிறகு விரிசல் விடும். டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், அதனால் இ20க்கு மாறி 1500 கிலோமீட்டருக்குள் ஃபியூயல் ஃபில்டரை ஒருமுறை மாற்றியாக வேண்டும். காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் இடையே குறைந்த தூரம் மட்டும் ஓடும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் எரிபொருள் ஆயிலில் இறங்கும்; ஆயிலை 7500 கிலோமீட்டருக்கே மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை முழுக்க நிரப்பி, மூடியின் ரப்பர் வாஷரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். மேலே மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. நிறுத்தி எடுத்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் திணறினால் திரும்பத் திரும்பக் கிராங்க் பண்ணாதீர்கள். ஃபியூயல் லைனைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காக நின்றால் டேங்கை முழுக்க இறக்கிச் சுத்தம் பண்ணிய பிறகுதான் புதுப் பெட்ரோல்.