ஐந்து வரவேண்டிய இடத்தில் 4.1

மயில்துத்தத்தை (நீல நிறக் காப்பர் சல்பேட் உப்பு) சூடாக்கி, அதன் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் படிக நீரைக் கணக்கிடும் சோதனையின் முதல் பாதியில் சொல்ல ஒன்றுமில்லை. வெற்று மூசையை (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) எடை நிலைக்கும்வரை காய்ச்சி, 2.500 கிராம் உப்பை இட்டு, நீலம் மறைந்து வெண்பொடி ஆகும்வரை சிறுதீயில் வைத்தேன்.

மூசை ஆறுவதற்குள் தராசு அறையைப் பூட்டிவிட்டார்கள். மாலை மூன்றரைகூட ஆகவில்லை. அவசரப்பட்டுச் சூடாக நிறுத்திருந்தாலும் பயனில்லை. மூசையைச் சுற்றி மேலெழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். ஈரம் ஏறாமல் ஆறவைக்கும் மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் வைத்துவிட்டுப் போனேன். கடலோர ஊர், ஐப்பசி அடைமழை. மறுநாள் வெண்பொடியில் நீலம் பூத்திருந்தது. எடை 1.710 கிராம். கணக்குப் போட்டால் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு 4.1 நீர் மூலக்கூறுகள். வரவேண்டியது 5, அதாவது உப்பின் எடையில் 36 சதவீதம்.

டெசிகேட்டரின் அடியில் பார்த்தேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், உலர்ந்திருந்தால் நீலமாக இருக்கவேண்டியது, ஈரம் நிரம்பி முழுக்க இளஞ்சிவப்பு! மூடி விளிம்பில் கிரீஸ் காய்ந்து உதிர்ந்திருந்தது. ஆய்வக உதவியாளரிடம் கேட்டதற்கு, "நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது ரோஸ் நிறம்தான் தம்பி" என்றார். புதிது வேண்டுமானால் துறைத்தலைவர் கையெழுத்திட்ட இன்டென்ட் (பொருள் கேட்கும் படிவம்) வேண்டுமாம். துறைத்தலைவரோ விடுப்பில்.

புதிது எதற்கு? இருப்பதையே 120 டிகிரி ஓவனில் உலர்த்தினால் போதும். "அண்ணே, ஒருமுறை வைத்துத்தான் பாருங்களேன்" என்று நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். மதியத்துக்குள் நீலம் திரும்பியது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர், பக்கத்து ஆய்வகத்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

புது உப்பு, புது கிரீஸ். எடை மாறாமல் நிற்கும்வரை காய்ச்சி ஆற்றியதில் 1.602 கிராம் நின்றது. விடை 4.97.

செய்யப்போகிறவர்கள் உப்பைப் பொடித்துப் போடுங்கள். பெரிய படிகங்கள் படபடவெனத் தெறித்து வெளியே விழும். நான்கு நீர் மூலக்கூறுகள் எளிதில் போய்விடும். ஐந்தாவது பிடிவாதக்காரன், 200 டிகிரிக்கு மேல் கேட்பான். அதற்காகத் தீயை அளவின்றிக் கூட்டினால் சல்பேட்டே சிதைந்து கறுப்புக் காப்பர் ஆக்சைடு ஆகும். விடை ஐந்தைத் தாண்டி ஓடும். விளிம்பு கறுத்துவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அடுத்த குழுவுக்கு எப்சம் உப்பு கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏழு நீர் மூலக்கூறுகள். முன்னும் வெள்ளை, பின்னும் வெள்ளை. ஈரம் ஏறினால் நிறம் காட்டிக்கொடுக்காது. ஆகவே முதல் வேலையாக டெசிகேட்டரைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.