வழிசல் காதல் ஒன்றைச் சேலத்தில் அச்சேற்றிய பாடு

கதை முடிந்துவிட்டது, அச்சுக்குக் கொடுத்தால் ஒரே மாதத்தில் புத்தகம் கைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிலும் ப்ளஸ் டூ பசங்களின் வழிசலை வைத்து எழுதிய சிரிப்புக் காதல் கதை என்றால் நம்பவே நம்பாதீர்கள். பையன் திக்குவதும், பெண் பதிலை டைப் செய்து அழிப்பதும், இருவரும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ரெக்கார்டு நோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும்தான் இந்த மாதிரி நாவலே. ஆனால் டி.டி.பி. போடுகிறவர் (கணினியில் பக்கம் அமைப்பவர்), ப்ரூஃப் பார்க்கிறவர், அச்சகத்துக்காரர் என யார் கைக்குப் போனாலும், கோணலாக ஏதாவது கண்ணில் பட்டால் உடனே நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். பாதிப் பாடு அவர்களிடமிருந்து கோணலைக் காப்பாற்றுவதிலேயே போய்விட்டது.

பதிப்பகங்கள் என் கதையை வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது. கடையில் சிறுவர் நூல் அலமாரி இருக்கிறது, நாவல் அலமாரி இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் தருகிற பால சாகித்திய புரஸ்கார்கூட 9 முதல் 16 வயது வரையிலான வாசகர்களுக்கு எழுதும் நூல்களுக்குத்தான். பதினேழு வயதுக்காரனுக்கு அங்கேயும் இடமில்லை. ஒரு பதிப்பாளர், "பசங்களைக் காலேஜ் ஆக்கிடுங்களேன், வம்பே இல்ல" என்றார். காலேஜ் ஆக்கினால் டியூஷன் போச்சு, ஹால் டிக்கெட் போச்சு, யூனிஃபார்ம் போச்சு, அப்பா வாங்கி வைத்துக்கொண்ட செல்போன் போச்சு. மிச்சம் என்ன இருக்கிறது? அவர் பயத்திலும் நியாயம் உண்டு. 2012 போக்சோ சட்டப்படி 18 நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்களைக் கொச்சையாகக் காட்டும் வரிக்கே இடம் கிடையாது. லேசான கதைக்கு அது தேவையும் இல்லை. பதிப்பகத்துக்கு அனுப்புகிற கதைச்சுருக்கத்தின் முதல் பத்தியிலேயே வயதையும், கதை எந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள். அதை எழுதி அனுப்பிய பிறகு வயதைப் பற்றிய கேள்வி வரவில்லை. "விக்குமா?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பதில் இல்லாததால்தான் சொந்தச் செலவில் அச்சு.

அச்சுக்குப் போகுமுன் ஊர் விவரங்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சேலத்து வாசகர்கள் காதலில் ஓட்டை இருந்தால் மன்னிப்பார்கள், பஸ் ரூட்டில் இருந்தால் மாட்டார்கள். டவுன் பஸ்ஸில் பையன் "ரெண்டு டிக்கெட்" என்று அவளுக்கும் சேர்த்து எடுப்பது பழைய கதைகளில் அழகான காட்சி. 2021 மே மாதத்துக்குப் பிறகு அது செல்லாது. அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, பள்ளி மாணவனுக்கு இலவச பாஸ். ஆக ஐந்து ரோட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை இருவரில் யாருமே காசு கொடுக்க மாட்டார்கள். காசை நீட்டிவிட்டுக் கண்டக்டரிடம் அவன் அசடு வழிவதாக மாற்றினால் காட்சி பழையதைவிட நன்றாகவே வரும்.

ஏற்காட்டு டூரும் அப்படித்தான். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இருபத்து மூன்றாவது வளைவில் யாரும் வாந்தி எடுக்க முடியாது. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி நடக்கிற நாட்களில் ஏறுகிற வண்டிகளை அடிவாரம் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். விழா நாளில் கதை நடந்தால் ஏறும்போது பார்த்த டீக்கடையில் இறங்கும்போது சந்திப்பு வைக்காதீர்கள். கிளியூர் அருவிக்கு மழைக்காலம் வேண்டும். கோடையில் அங்கே நனைந்துகொண்டு நிற்பதாக எழுதினால் பாறைதான் சிரிக்கும்.

இனி பெரிய தலைவலி. நாம் எல்லோரும் யூனிகோடில், அதாவது செல்போனிலும் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துமுறையில், டைப் செய்கிறோம். உள்ளூர் டி.டி.பி. கடைகள் பலவற்றில் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும்தான் தினசரி வேலை. அதற்குப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளே போதும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஆகவே உங்கள் கோப்பை வாங்கி, கன்வர்ட்டரில் போட்டு, பாமினி மாதிரி பழைய ஃபாண்டுக்கு மாற்றுவார்கள். பழைய ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. சாதாரண நாவலுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. நம் பசங்களோ பாதி மெசேஜை ஆங்கில எழுத்தில் அனுப்புகிறவர்கள். இரண்டே ஆங்கில எழுத்தில் இருக்கிற 'ஓகே', பாமினியில் 'ழம' என்று வந்து நிற்கும். சாய்கோடு ஆய்த எழுத்தாகிவிடும். வளைவுப் பலகையில் இருக்க வேண்டிய 17/20 என்பது '17ஃ20' ஆகிவிடும். வளைந்த மேற்கோள் குறிகளும் மூன்று புள்ளிகளும் வேறெதுவாகவோ மாறும். தயங்கித் தயங்கிப் பேசுகிறவர்களின் கதையில் மூன்று புள்ளி எத்தனை இடத்தில் வரும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் ப்ரூஃபில் கதாநாயகி சம்மதம் சொல்கிற இடத்தில் 'ழம' என்றுதான் இருந்தது. ஆபரேட்டர் அதை ஏதோ இளசுகள் பாஷை என்று நினைத்து விட்டுவிட்டார்.

தப்பிக்க வழி: கடைக்குப் போனவுடன் விலை கேட்காதீர்கள், "இன்டிசைன்ல யூனிகோடா போடுவீங்களா?" என்று கேளுங்கள். இன்டிசைன் என்பது பேஜ்மேக்கருக்குப் பின் வந்த மென்பொருள். ஆமாம் என்றாலும் விடாதீர்கள். பாராகிராஃப் அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போஸர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 'கொலுசு', 'பேசு', 'தைரியம்' என்று மூன்று சொற்களை அவர்கள் கணினியிலேயே அடித்துக் காட்டச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃபாண்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போதும்; இலவசம், உரிமச் சிக்கல் இல்லை. டெம்மி 1/8 என்ற வழக்கமான நாவல் அளவுக்கு எழுத்து 11 பாயின்ட், வரிக்கு வரி 15 பாயின்ட், தாள்கள் சேரும் முதுகுப் பக்கம் 20 மில்லிமீட்டர் விளிம்பு. இரண்டு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டினால் நீளமான தமிழ்ச் சொற்களால் வரிக்குள் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். உரையாடல் பகுதியையாவது இடப்பக்கம் மட்டும் சீராக விடச் சொல்லுங்கள்.

வாட்ஸப் உரையாடலுக்குச் சாம்பல் நிறக் குமிழி போடலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். திரையில் அழகாகத்தான் இருக்கும். 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ (சாதாரணப் புத்தகத் தாள்) தாளில் 10 சதவீதச் சாம்பல் என்பது புள்ளி புள்ளியாகத் தெரியும், அதன்மேல் எழுத்து அழுக்காக நிற்கும். குமிழியே வேண்டாம். அவள் பேசுவது இடப்பக்கம், அவன் பேசுவது வலப்பக்கம் உள்தள்ளி, நேரம் மட்டும் சின்ன எழுத்தில், படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். எமோஜி அந்தத் தமிழ் ஃபாண்டில் இல்லாததால் வெற்றுக் கட்டமாக வரும். நோட்டோ எமோஜி என்ற ஒற்றை நிற ஃபாண்டை அந்த இடங்களில் மட்டும் போடச் சொல்லுங்கள். அப்போதும் இதயத்தின் நிறத்தில் ஒரு ஜோக் வைத்திருந்தால் அது செத்துவிடும். அதை வேறு எமோஜிக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி.

ப்ரூஃப் பார்த்தவர் தமிழில் கெட்டிக்காரர், அதுதான் பிரச்சினை. "நா... நா... நான் வந்து..." என்பதில் இரண்டு 'நா'வைத் தட்டச்சுப் பிழை என்று வெட்டிவிட்டார். "அதச் சொல்லாத டீ" என்பது "அதைச் சொல்லாதே" ஆகிவிட்டது. 'லூசு' எல்லா இடத்திலும் 'பைத்தியம்' ஆனதில் ஒரு கொஞ்சல் காட்சி மனநல மருத்துவமனைக் காட்சி மாதிரி ஆகிவிட்டது. அவன் அனுப்பும் மெசேஜில் எழுத்துப்பிழை இருப்பதும், அதை அவள் கிண்டல் செய்வதும் கதை. பிழையைத் திருத்திவிட்டு, கிண்டலை அப்படியே வைத்திருந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: மேற்கோளுக்குள் இருப்பதில் ஒற்று சேர்க்க வேண்டாம், திக்கல் அப்படியே இருக்கட்டும், இன்னின்ன பக்கத்து மெசேஜ்களில் பிழை வேண்டுமென்றே வைத்தது. திருத்தங்களைச் சிவப்புப் பேனாவில் தாளில் மட்டும் போடச் சொல்லுங்கள். கோப்பில் கை வைக்க விட்டால் எது போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கடைசி ப்ரூஃபில் எழுத்தை விட்டுவிட்டுப் பக்கம் திரும்பும் இடங்களைப் பாருங்கள். கேள்வி வலப்பக்கத்தின் கடைசி வரியிலும், அசட்டுப் பதில் தாளைத் திருப்பினால் முதல் வரியிலும் விழுந்தால் சிரிப்பு இரட்டிப்பு. எதிரெதிர்ப் பக்கமாக விழுந்தால் கண் முதலில் பதிலைத்தான் பார்க்கும்.

சினிமாப் பாட்டு வரிகளை எடுத்துப் போடாதீர்கள். வரிகளுக்கு உரிமை இருக்கிறது. பாடலாசிரியர் காலமாகி 60 ஆண்டு வரை காப்புரிமை நிற்கும், உரிமை பெரும்பாலும் ஆடியோ கம்பெனி கையில். 'பஸ்ஸில் ஓடிய பாட்டு' என்று சொல்லிவிட்டால் வாசகர் தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்வார்.

ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்குக் காசில்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அட்டை, தலைப்புப் பக்கம், அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால் இழுத்தடிக்கும். அச்சுக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். 'எண் வாங்கித் தர' ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அச்சு என்பது பாரக் கணக்கு. ஒரு பாரம், அதாவது ஒன்றாக அச்சடித்து மடிக்கும் தாள், 16 பக்கம். 176 பக்கம் என்றால் சரியாக 11 பாரம். 178 என்றால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாகத் தாளும் பைண்டிங் வேலையும். நன்றியுரையைச் சுருக்குவது மலிவு. முதுகின் அகலத்தைக் கணக்குப் போட்டு ராப்பரை (அட்டையை) முடித்துவிடாதீர்கள். 88 தாள், 70 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 8 முதல் 9 மில்லிமீட்டர்தான், ஆனால் தாளின் பருமன் மில்லுக்கு மில் மாறும். அதே தாளில் அச்சில்லாத மாதிரிப் புத்தகம் (டம்மி) கட்டி அளந்த பிறகே முதுகு எழுத்து. நானூறு ஐந்நூறு பிரதிக்குக் குறைவாக என்றால் ஆஃப்செட் ப்ளேட் செலவு தாங்காது. டிஜிட்டலில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கட்டுகள் வந்து இறங்கியதும் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில பிரதிகளை எடுத்து 1, 17, 33, 49 என்று பதினாறு பதினாறாகத் தாவிப் பாருங்கள். எனக்கு வந்த பிரதிகள் சிலவற்றில் 33 முதல் 48 வரை இரண்டு தடவை இருந்தது, அடுத்த பாரத்தைக் காணோம். அவன் அவளிடம் நோட்டு கடன் கேட்பது இரண்டு தடவை, அவள் கொடுப்பது ஒருதடவைகூட இல்லை. அச்சகத்தில், "படிக்கிறவங்களுக்குத் தெரியாதுங்க" என்றார்கள். பாக்கித் தொகை நம் கையில் இருந்ததால்தான் மாற்றிக் கொடுத்தார்கள். நடுப்பக்கத்தை விரித்து ஒரு தாளை லேசாக இழுத்தும் பாருங்கள். கையோடு வந்தால் பசை பிடிக்கவில்லை.

விற்பனைக்குச் சேலத்துப் புத்தகக் கடைகள் 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள், பணம் விற்ற பிறகு. தபாலில் அனுப்புவதானால் பழைய கணக்கை மறந்துவிடுங்கள். மலிவான பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுவிட்டது. தபால் செலவைச் சேர்த்தே விலை வையுங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி ஆகிய நான்கு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய், கூடவே புத்தகத்தின் விலை. தபால் செலவு அதைவிடக் கூட வரும். ஆனாலும் அனுப்பிவிடுங்கள், ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் மட்டும் கவனிக்க: ராப்பரின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்திருப்பதால், பனிமூட்டத்தில் உள்பக்கம் ஈரத்தை இழுத்து விரிந்து, அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு வாய் பிளக்கும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடும்படி வெட்டச் சொல்லி முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே அனுப்பும்போது பத்துப் பத்தாகப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, நிற்க வைக்காமல் படுக்க வைத்து, கேட்கும்போது மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள்.