காஞ்சு கெடக்குற டிரம்முல என்ன இருக்கு?

அக்னி நட்சத்திர வெயில் மண்டைய பொளக்குது, இப்ப போயி டெங்கு பத்தி எழுதுறானேன்னு நெனப்பீங்க. மே 16 தேசிய டெங்கு தினம். ஸ்கூல் லீவு, மழையும் இல்ல, யாரு கவனிக்கா? ஆனா தேதிய சரியாத்தான் வச்சிருக்காங்க, அது எனக்குப் போன வருஷம்தான் புரிஞ்சுது.

போன கார்த்திகைல சின்னவனுக்கு காய்ச்சல். மூணு நாளு அனலா கொதிச்சுது, கண்ணுக்குப் பின்னால வலிக்குதுன்னு அழுதான். நாலாம் நாள் காலைல உடம்பு ஜில்லுன்னு ஆயிட்டு, அப்பாடா விட்டுட்டுன்னு இட்லி கொடுத்து நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாமான்னு வேற பேசிக்கிட்டோம், சாயங்காலம் பாத்தா வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டுட்டான், வாந்தி நிக்கல, கைகாலெல்லாம் சில்லிட்டுப் போச்சு. தூக்கிட்டு ஓடுனா டாக்டர் கேட்ட மொத கேள்வியே "காய்ச்சல் எப்ப விட்டுச்சு?" டெங்குல காய்ச்சல் விடுற அந்த ஒண்ணு ரெண்டு நாளுதான் கண்டமாம். ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு, பிரஷர் எறங்கிரும். நாங்க அந்த நேரத்துல சட்னி அரைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

சொந்தக்காரங்க எல்லாரும் போன போட்டு பிளேட்லெட் எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டாங்க, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. டாக்டரு கவனமெல்லாம் டிரிப்ஸ்லயும் யூரின் போறானான்னு பாக்குறதுலயும்தான் இருந்துச்சு. உடம்பு வலிக்குன்னு புரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் கொடுத்தீங்களான்னு ரெண்டு தடவ கேட்டாரு, அது ரத்தக்கசிவ கூட்டிருமாம், பாராசிட்டமால் மட்டும்தான். நல்லவேள, கொடுக்கல. அஞ்சு நாள்ல வீட்டுக்கு வந்தான்.

அதுக்கப்புறம் எதிர்த்த காலி மனைல கெடக்குற சாக்கடைதான் காரணம்னு புகார் எழுதி வச்சிருந்தேன். கொசு மருந்து ஊத்த வர்ற அக்கா வந்து சிரிச்சாங்க, "அண்ணாச்சி, இந்தக் கொசு சாக்கடைய விட நல்ல தண்ணியதான் தேடும்"னுட்டு டார்ச்ச அடிச்சுக்கிட்டே கொல்லைக்குப் போனாங்க. ஆச்சி காலத்து ஆட்டுரல் ஒண்ணு அங்கன கெடக்கு. அதுக்குழியில புழு நெளியுது. பிரிட்ஜுக்குப் பின்னால இருக்குற டிரேலயும் இருந்துச்சு. புகார மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டேன்.

எங்க தெருவுல தண்ணி ஒண்ணுவிட்டு ஒருநாள்தான், டிரம்முல புடிச்சு வைக்காம முடியாது. அப்ப கவுத்து ஊத்திட்டா போதும்லன்னு கேட்டேன். போதாதாம். முட்டை தண்ணிமட்டத்துக்கு மேல சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், டிரம் காஞ்சு போனாலும் மாசக்கணக்கா, எட்டு மாசம் வரைக்கும் கூட அப்படியே கெடக்கும், மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா பறந்துரும். அதான் நார வச்சு சுரண்டித் தேய்க்கணும், வாரத்துக்கு ஒருக்கா. புகை அடிக்கறது பறக்குற கொசுவத்தான் கொல்லும், ஒட்டிக்கெடக்குற முட்டைய ஒண்ணும் பண்ணாது. ஐப்பசில பரவப்போற காய்ச்சல் இந்த வெயில்லயே நம்ம வீட்டு டிரம்முல காத்துக்கிட்டு இருக்கலாம்னா பாத்துக்கோங்க.

2012-ல எங்க திருநெல்வேலி மாவட்டம் பட்ட பாடு இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு ஞாபகம் இருக்கும், தமிழ்நாட்டுல அந்த வருஷம் 12,000 பேருக்கு மேல டெங்கு, 66 பேரு செத்தாங்க. அப்ப நெலவேம்பு கஷாயத்துக்கு வரிசைல நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தன். குடிங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா கஷாயம் டிரம்ம தேய்க்காது.

ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தேங்கா நாரோட நான் உக்காந்தா அம்மா திட்டுதா, "மழையே காணோம், என்னத்தல இப்பிடி தேய்க்க?" ஆட்டுரல தூக்கிப் போடவும் விடமாட்டேங்குதா, மாமியா சீதனமாம். கடைசில குழியில மண்ண நெரப்பி துளசி நட்டாச்சு, நல்லாத்தான் தழைச்சிருக்கு.