முடக்கப்பட்ட கணக்கும் ஒரு வியாபாரியின் மேல்முறையீடும்

இணைய விளையாட்டு ஒன்றில் என் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. விளையாட்டின் பொருளாதாரத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி லாபம் பார்த்தேன் என்பது குற்றச்சாட்டு. நான் அதைச் செய்யவில்லை. கணக்கை மீட்கப் பல மாதங்கள் ஆயின. இப்படி முடக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதல் மறுப்புக் கடிதம் வந்ததுமே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விளையாட்டின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். நடைமுறை எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த விளையாட்டில் எனக்குச் சண்டையைவிட வியாபாரத்தில்தான் ஈடுபாடு. ஏலச்சந்தையில் தாது வாங்கி, உருக்கி, கட்டிகளாக்கி விற்பேன். விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பார்த்துக் கொள்முதல் செய்வேன். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் எக்செல்லில் எழுதி வைக்கும் பழக்கம் தொடக்கத்திலிருந்தே உண்டு. கடைசியில் என்னைக் காப்பாற்றியதில் பாதி அந்தப் பழக்கம்.

ஒரு புதுப்பிப்பில் நகைத் தொழிலுக்குப் புதிய மோதிரம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதைச் செய்ய அரிய படிகத்தூள் ஒன்று வேண்டும். மோதிரத்தை உடைத்தால் தூளில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். போட்டதைவிடத் திரும்பி வந்தது சராசரியாகக் கூடுதலாக இருந்ததுதான் ஓட்டை. செய்து, உடைத்து, மீண்டும் செய்து, மீண்டும் உடைத்துக்கொண்டே இருந்தால் தூள் பெருகிக்கொண்டே போகும். அதைக் கண்டுபிடித்தவர்கள் இரவும் பகலும் அதையே செய்தார்கள். தூள் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. புதுப்பிப்பு வந்த வாரத்தில் ஏதாவது ஒரு பொருளின் விலை சரிவது வழக்கம் என்பதால் நான் வாங்கிச் சேர்த்தேன். சில நாட்களில் நிறுவனம் ஓட்டையை அடைத்தது. விலை ஏறியது, ஒரு பகுதியை விற்றேன். அடுத்து வந்த முடக்க அலையில் என் கணக்கும் போயிற்று.

மேல்முறையீடாக வாடிக்கையாளர் சேவைக்கு நான் முதலில் அனுப்பிய டிக்கெட்டுக்கு (உதவிக் கோரிக்கைக்கு) இயந்திரப் பதில் ஒன்று வந்தது. அடுத்ததற்கு, "பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை" என்று ஒரே வரி. எந்த விதி, எந்தத் தேதி, எந்தப் பரிவர்த்தனை என்று எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் கோபத்தில் நீண்ட கடிதம் எழுதுகிறார்கள். எத்தனை ஆண்டுகளாக விளையாடுகிறேன், எவ்வளவு பணம் செலவழித்தேன் என்றெல்லாம் எழுதத் தோன்றும். எங்கள் கில்டில், அதாவது விளையாட்டில் சேர்ந்து ஆடும் குழுவில், இருந்த அண்ணன் ஒருவர் டொராண்டோவில் கணக்காளராக இருப்பவர். அவரிடம் புலம்பியபோது, "தம்பி, முதலில் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுது. கோபத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

கணக்கு முடங்கியதும் உள்ளே இருக்கும் பரிவர்த்தனை வரலாற்றைப் பார்க்க முடியாது. அதனால் வெளியே இருப்பவை மட்டுமே சான்று. என் எக்செல் கோப்பு, பழைய ஸ்கிரீன்ஷாட்டுகள், விலை வரைபடம் காட்டும் வெளிச்செயலி ஒன்றில் சேமிக்கப்பட்டிருந்த என் விற்பனைப் பட்டியல், கில்டு அரட்டையின் பிரதிகள் ஆகியவற்றைத் திரட்டினேன். அரட்டையைத் தேடும்போது சற்றுப் பயமாகவே இருந்தது. அந்த வாரத்தில் யாராவது ஓட்டையைப் பற்றி விவரமாகப் பேசி, நானும் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாதம் அங்கேயே முடிந்துவிடும். அப்படி எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எளிய உண்மை இருந்தது. விளையாட்டில் நான் இயக்கும் பாத்திரம் கொல்லர் தொழில் கற்றது. நகைத் தொழில் அதற்குத் தெரியாது. அந்த மோதிரத்தின் செய்முறையை என் கணக்கால் திறக்கவே முடியாது. இதை முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு எளிதான விஷயம்! ஆனால் குற்றச்சாட்டு இன்னதென்றே சொல்லாதபோது எதை மறுப்பது என்று எப்படித் தெரியும்?

அடுத்து, தரவுக் கோரிக்கை. நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் என்னைப் பற்றி வைத்திருக்கும் தரவின் நகலைக் கட்டணமின்றிக் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதங்கள் நீட்டித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கான காரணத்தை முதல் மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு இதை அனுப்பாமல், தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கென்று தரப்பட்டிருக்கும் முகவரிக்கு அனுப்புவது முக்கியம். "என் தரவு எல்லாம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பெயர், மின்னஞ்சல், கட்டண விவரத்தோடு நிறுத்திவிடுவார்கள். குறிப்பிட்ட இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட ஏலச்சந்தைப் பரிவர்த்தனைகள், பொருள் தயாரிப்புப் பதிவுகள், பொருள் உடைப்புப் பதிவுகள், கணக்கின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய குறிப்புகள் என்று தனித்தனியாகக் கேட்டேன். 22ஆம் பிரிவையும் சுட்டிக்காட்டி, இந்த முடிவை மனிதர் எடுத்தாரா, தானியங்கி அமைப்பு எடுத்ததா என்று கேட்டேன். நம்மைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை முழுக்க முழுக்க இயந்திரத்திடம் விடுவதற்கு அந்தப் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. விளையாட்டுக் கணக்கின் முடக்கம் அந்த அளவுக்குக் கணிசமான பாதிப்பா என்று நிறுவனம் வாதாடலாம். ஆனால் கேட்பதில் தவறில்லை, கேள்வி கோப்பில் பதிவாகிவிடும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு, 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தங்கள் தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது.

பதில் வந்தது. மோசடிக் கண்டறிதல் முறையின் உள்விவரங்களைத் தர முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பரிவர்த்தனை வரிசைகள் கிடைத்தன. தயாரிப்புப் பதிவில் அந்த மோதிரம் ஒன்றுகூட இல்லை. உடைப்புப் பதிவிலும் இல்லை. அவர்களுடைய சொந்தக் கோப்பே என் பக்கம் பேசியது. ஓட்டையில் பிறந்த தூளை ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் வைத்திருந்த கணக்குகள் எல்லாம் ஒரே வலையில் விழுந்திருக்கின்றன என்பதும் அதிலிருந்து புரிந்தது.

மேல்முறையீட்டை எழுதுவதற்கு முன், இதற்கு முன்பு பிற விளையாட்டுகளில் நடந்தவற்றை ஆழமாகப் படித்தேன். சட்டத்தில் முன்னுதாரணத் தீர்ப்புகளைக் காட்டுவதுபோல இங்கே காட்ட முடியாது, நிறுவனம் அவற்றுக்குக் கட்டுப்பட்டதும் இல்லை. ஆனாலும் எது நியாயமான தண்டனை என்று ஒரு துறை எப்படி யோசித்திருக்கிறது என்பது அங்கே தெரியும்.

2012 ஆகஸ்ட் இறுதியில் கில்டு வார்ஸ் 2 வெளியான முதல் நாட்களில், சில வணிகர் பாத்திரங்கள் உயர்ந்த ஆயுதங்களை இருக்க வேண்டிய விலையில் மிகச் சிறிய பங்குக்கு விற்றன. அளவுமீறி வாங்கியவர்களை, விளையாட்டை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனம் நிரந்தரமாக நீக்கியது. பிறகு, மேல்முறையீடு செய்து, வாங்கியதையும் அதனால் வந்த லாபத்தையும் அழித்துவிடச் சம்மதிப்பவர்களுக்கு அதை 72 மணி நேர முடக்கமாகக் குறைக்க முன்வந்தது. எனக்கு மிகவும் பயன்பட்ட உதாரணம் இது.

அதே ஆண்டில் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் நடந்தது வேறு வகை. எதிரியின் கப்பலை அழித்தால், அழிந்த பொருள்களின் சந்தை மதிப்பைக் கொண்டு புள்ளிகள் கணக்கிடப்பட்டன. ஒரு சிறு குழுவினர் யாரும் அதிகம் வாங்காத பொருளின் விலையைத் தாங்களே ஏற்றிவிட்டு, அதைத் தங்களுடைய மாற்றுக் கணக்குகளின் கப்பல்களில் நிரப்பித் தாங்களே அழித்தார்கள். அந்த விளையாட்டின் நாணயத்தில் சுமார் 5 லட்சம் கோடி சேர்த்தார்கள். அவர்கள் மென்பொருளை உடைக்கவில்லை. எழுதப்பட்ட விதிகளின்படிதான் நடந்தார்கள். அந்த விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் லாபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நாணயம் அந்த அளவுக்குப் பெருகினால் பாதிக்கப்படுவது, ஒரு கப்பலுக்காக மாதக்கணக்கில் சேமிக்கும் சாதாரண விளையாட்டாளர்தான்.

நேர்மாறாக, 2013 மே மாதம் டயாப்லோ 3இல் ஒரு புதுப்பிப்பால் ஏலச்சந்தையில் தங்கம் பெருகும் பிழை வந்தபோது, அதை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் சந்தையை மூடியது, ஆனால் உலகம் முழுவதையும் முந்தைய நிலைக்குத் திருப்பவில்லை. ஓட்டையைப் பயன்படுத்திய கணக்குகளைத் தணிக்கை செய்து தனித்தனியே கையாண்டது. எந்தத் தவறும் செய்யாதவர்களின் விளையாட்டு நேரத்தைப் பறிக்கக் கூடாது என்ற கவனம் அதில் இருந்தது. அந்த ஏலச்சந்தையே 2014 மார்ச்சில் நிரந்தரமாக மூடப்பட்டது.

நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு. செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில், பொதுவில் காட்டப்படாத ஏலப் பக்கத்தை நேரடியாகத் திறந்து 300 டாலருக்கு நிலம் வாங்கிய மார்க் பிராக் என்ற அமெரிக்க வழக்கறிஞரின் கணக்கை, அதை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் 2006இல் முடக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்த விதி ஒருதலைப்பட்சமானது என்று பென்சில்வேனியாவின் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் 2007 மே மாதம் சொன்னது. அந்த ஆண்டே சமரசம் ஆனது. மெய்நிகர் சொத்து யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் தீர்ப்பு வரவில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் என் கடிதம் ஒரு பக்கத்துக்குச் சுருங்கியது. மோதிரத்தை நான் ஒருமுறைகூடச் செய்யவோ உடைக்கவோ இல்லை, அவர்களின் கோப்பில் இன்ன வரிசைகளைப் பார்க்கவும் என்பது முதல் பத்தி. பொதுச் சந்தையில், எல்லோருக்கும் காட்டப்பட்ட விலையில் வாங்கினேன், அந்த நாட்களில் நிறுவனம் எந்த எச்சரிக்கையும் வெளியிடவில்லை என்பது இரண்டாவது. கோயம்பேட்டில் தக்காளி விலை விழுந்த நாளில் பெட்டி பெட்டியாக வாங்கிய கடைக்காரரிடம், எந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்க முடியாது. மூன்றாவது பத்தியில், ஓட்டையில் பிறந்த தூள் சந்தையில் இருக்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டு, மீதமிருந்த தூளையும் அதில் கிடைத்த லாபத்தையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தேன். இந்தப் பத்தியை எழுதக் கூடாது, எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கில்டில் சிலர் தடுத்தார்கள். நான் உடன்படவில்லை. பொருளைத் திருப்பித் தருவது வேறு, குற்றவாளி என்று ஏற்பது வேறு. அதை அதே பத்தியில் தெளிவாக எழுதினேன்.

இந்த முறை ஒரு மனிதர் பதில் எழுதினார். நிரந்தர முடக்கம் நீங்கியது. தூள் போயிற்று, லாபமும் போயிற்று. ஆனால் புதுப்பிப்புக்கு முன்பே என்னிடம் இருந்த தங்கத்திலும் பெரும் பகுதியைக் கழித்திருந்தார்கள். கணக்கு திரும்பியதே பெரிது, பேசாமல் இரு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் தந்த கோப்பிலிருந்தே புதுப்பிப்புக்கு முந்தைய நாளின் இருப்பைக் காட்டி மீண்டும் எழுதினேன். அந்தத் தங்கம் திரும்ப வந்தது.

எங்கள் கில்டிலேயே மோதிரத்தைச் செய்து உடைத்த நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய முடக்கம் நீங்கவில்லை. எனக்கு அவர் மீது அன்பு உண்டு, ஆனால் அந்த முடிவு தவறு என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை செய்து பார்த்து வியந்தவரையும், தூங்காமல் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் செய்தவரையும் பதிவுகள் தெளிவாகப் பிரித்துக் காட்டும். ஓட்டை என்று தெரிந்தேதான் செய்தார் என்பதை அவரே என்னிடம் மறைக்கவில்லை.

நிறுவனத்தின் மீது எனக்கிருக்கும் வருத்தம் வேறு. ஓட்டை தெரிந்த முதல் மணி நேரத்திலேயே "இதைச் செய்யாதீர்கள், செய்தால் நடவடிக்கை உண்டு" என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். ஈவ் ஆன்லைன் தன் உதவிப் பக்கத்தில், ஓட்டைகள் என்று தான் கருதுபவற்றைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. 2008 முதல் விளையாட்டாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம் அங்கே நிறுவனத்தோடு பேசுகிறது. இவை செய்ய முடியாத காரியங்கள் அல்ல.

கடைசியாக ஒன்று மீதமிருந்தது. என் கணக்கின் உள்குறிப்பில் "ஓட்டையைப் பயன்படுத்தியவர்" என்ற வரி அப்படியே இருந்தது. நாளை இன்னொரு அலை வந்தால் அது இரண்டாவது குற்றமாக எண்ணப்படும். அதே ஒழுங்குமுறையின் 16ஆம் பிரிவு தவறான தரவைத் திருத்தவும், குறைபட்ட தரவோடு நம் விளக்கத்தைச் சேர்க்கவும் உரிமை தருகிறது. திருத்தக் கேட்டேன். வரியை நீக்க மறுத்தார்கள். என் விளக்கத்தை அதன் கீழே சேர்த்துவிட்டதாக எழுத்தில் உறுதி தந்தார்கள். நீக்க வேண்டும் என்ற கோரிக்கையை இப்போது நான் வசிக்கும் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகாராகக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. முடிவு இன்னும் வரவில்லை.