இறங்க ஒரு காடு

சேலத்திலிருந்து கோவைப் பக்கம் பயிற்சிக்குப் பறக்கும்போது, முன்கூட்டிச் சொல்லாமல் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரோட்டிலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, "இன்ஜின் நின்னுபோச்சு, எங்கே இறக்குவே?" என்று மாணவரிடம் கேட்பேன். அநேகமாக எல்லோரும் கை காட்டுவது தேசிய நெடுஞ்சாலையைத்தான். மேலிருந்து பார்த்தால் ஓடுபாதை மாதிரியே தெரியும். ஆனால் நடுவில் தடுப்பு, அடிக்கடி மேம்பாலம், குறுக்கே மின்கம்பி, ஓயாத லாரிகள். நம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, கீழே பைக்கில் குழந்தையோடு போகிறவரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172, இன்ஜின் நின்றால் உடனே விழுந்துவிடாது. மணிக்கு 126 கிலோமீட்டர் (68 நாட்) வேகத்தைப் பிடித்து வைத்திருந்தால், காற்றில்லாத நேரத்தில் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிச் செல்லும். தரையிலிருந்து 3000 அடி என்றால் கையில் சுமார் நான்கு நிமிடம். முதலில் வேகம், உடனே இடம். அப்புறம்தான் எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி), மேக்னட்டோ (தீப்பொறி தரும் கருவி) என்று பார்ப்பதும் 'மேடே' என்று ரேடியோவில் ஆபத்து அழைப்பு சொல்வதும். ஏன் நின்றது என்று தேடிக்கொண்டே உயரத்தைத் தீர்த்துவிடுகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். புறப்பட்ட சில நூறு அடியிலேயே நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப ஆசைப்படவே கூடாது. நேர் எதிரே, கொஞ்சம் இடம் வலமாக, கிடைக்கிற இடத்தில் இறக்க வேண்டும்.

சரி, எந்த இடம்? இதைப் பாடப் புத்தகம் சொல்வதைவிட நம் ஊர் விவசாயி நன்றாகச் சொல்வார். மாணவர்களைக் காங்கேயம், மூலனூர்ப் பக்கம் அழைத்துப்போய் நடக்கவிடுவேன். வானத்திலிருந்து பார்க்க, கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் அருமையான புல்வெளி. உள்ளே போனால் வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்கும், சுற்றிலும் கிளுவை வேலி. மஞ்சள் தோட்டம் பச்சைப் பசேலென்று சமமாகத் தெரியும்; பாய்ந்த தண்ணீரில் முன்சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். திறந்த கிணறுகள் இன்னொரு ஆபத்து. மேட்டில் புதர் மண்டியிருந்தால், தாழ வரும்போது கிணறு இருப்பதே தெரியாது. மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். அறுவடை முடிந்த மானாவாரிச் சோளக்காடுதான் (எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம்) என் முதல் விருப்பம். உழுத காடாக இருந்தால் உழவுச்சாலை ஒட்டியே இறக்க வேண்டும், குறுக்கே அல்ல.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் போதும். சுற்றும்போது அவற்றின் முகம் காற்றைப் பார்த்தே நிற்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றுக்கு எதிரே திரும்பி இறக்கினால் தரை வேகம் நன்றாகக் குறையும்.

ஒரு முறை ஒரு காட்டின் நடுவில் நின்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வரப்பில் கேட்டபடி நின்ற பெரியவர், "ஏனுங் தம்பி, போன வருசம் அந்த மூலையில வாய்க்கா வெட்டுனமுங்க, மேல இருந்து தெரியாதுங்க" என்றார். போய்ப் பார்த்தோம். முழங்கால் ஆழம், மேலே புல் மூடிக் கிடந்தது. சக்கரத்தை ஒடிக்க அது போதும்.

2016 மே 24 அன்று பாட்னாவிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு டெல்லிக்கு வந்த சிறிய கிங் ஏர் விமானத்தில் இரண்டு இன்ஜின்களும் நின்றுபோயின. விமானி நஜஃப்கர் அருகே வயலில் இறக்கினார். உள்ளே இருந்த ஏழு பேரும் பிழைத்தார்கள். விமானம் நொறுங்கினாலும் ஆட்கள் எழுந்து வந்தால் அது நல்ல தரையிறக்கம் என்றே நான் எண்ணுகிறேன்.

வயலில் மோதினால் விமானத்தின் உடற்சட்டம் வளைந்து கதவு சிக்கிக்கொள்ளலாம். அதனால் தரையைத் தொடுமுன்னே கதவின் தாழை விடுவித்துவிட வேண்டும். பின்சீட்டில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சில விமானிகள் தவிர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னோடு யார் வந்தாலும் பெல்ட்டை அவர்களே மாட்டிக் கழற்ற வேண்டும், கதவை அவர்கள் கையாலேயே ஒருமுறை திறந்து மூட வேண்டும். அதன் பிறகே இன்ஜினைக் கிளப்புவேன்.